சிறுநகரப் பொது நூலகங்களில் இலவச வகுப்புகளும் சமூக நிகழ்ச்சிகளும்

பொது நூலகம் என்றவுடன் புத்தக அலமாரிகளும் நாளிதழ் மேசையுமே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் தமிழ்நாட்டின் பல சிறுநகரங்களில் கிளை நூலகம் ஒரு வகுப்பறையாகவும் கூட்ட அரங்காகவும் பயன்படுகிறது. போட்டித் தேர்வுப் பயிற்சி, கோடைக்கால முகாம், கதை சொல்லல், கணினி அறிமுகம், சட்ட விழிப்புணர்வுக் கூட்டம், நூல் அறிமுக நிகழ்ச்சி ஆகியவை அங்கே கட்டணமின்றி நடக்கின்றன. நூலகவியலில் இவை விரிவாக்கப் பணிகள் எனப்படுகின்றன. நூல் இரவல் தருவதைத் தாண்டி, நூலகத்துக்கு வராதவர்களையும் உள்ளே அழைத்துவர எடுக்கப்படும் முயற்சிகள் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

இந்த வகுப்புகளை நூலகர் விருப்பப்பட்டுச் செய்யும் கூடுதல் சேவை என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இவற்றுக்குத் தமிழ்நாட்டு நூலகச் சட்டத்திலேயே இடம் உண்டு. அந்தச் சட்டப் பின்னணி, இன்றைய நிகழ்ச்சிகளின் வகைகள், அவை உருவாகும் விதம், சந்திக்கும் சிக்கல்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டத்தில் வகுப்புகளுக்கு உள்ள இடம்

சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டைச் சேர்ந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் ஒரு மாநிலம் பொது நூலகங்களுக்கென இயற்றிய முதல் சட்டம் இதுவே. அன்றைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் இச்சட்டம் நிறைவேறக் காரணமாக இருந்தார். இதன் பின்னணியில் இருந்தவர் இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன். சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தது. சென்னையின் கன்னிமாரா நூலகம் மாநில மைய நூலகம் ஆனது. மாவட்டந்தோறும் ஒரு நூலக ஆணைக்குழு அமைக்க வழி ஏற்பட்டது.

நூலக ஆணைக்குழு என்னென்ன செய்யலாம் என்பதைச் சட்டம் வரிசைப்படுத்துகிறது. கட்டடமும் நாற்காலி மேசைகளும் ஏற்பாடு செய்தல், நூல்களும் இதழ்களும் வாங்குதல், பணியாளர்களை அமர்த்துதல், நன்கொடை பெறுதல் ஆகியவை அதில் உள்ளன. அதே வரிசையில் சொற்பொழிவுகளுக்கு ஏற்பாடு செய்வதும் வகுப்புகள் நடத்துவதும் இடம்பெற்றுள்ளன. வாங்கி வைக்கத்தக்க பொருள்களின் பட்டியலில் நிலப்படங்களும் திரைப்படச் சுருள்களும்கூட உண்டு. எழுத்தறிவு குறைவாக இருந்த அந்தக் காலத்தில், படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே நூலகம் என்ற எண்ணம் சட்டத்தை வகுத்தவர்களிடம் இல்லை என்பதை இது காட்டுகிறது.

இதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் அறிய வேண்டியது. நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகியவை வசூலிக்கும் சொத்து வரியுடன் நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா என்பது இதன் அளவு. வீட்டு வரி ரசீதை உற்றுப் பார்த்தால் நூலக வரி என்ற வரி தனியே இருப்பதைக் காணலாம். வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகையின் வழியாக மறைமுகமாக இதைச் செலுத்துகிறார். ஆகவே நூலகத்தின் இலவச வகுப்பு என்பது யாரோ ஒருவர் தரும் தானம் அன்று. ஊர் மக்கள் ஏற்கெனவே செலுத்திய பணத்தில் இயங்கும் இடத்தில் நடக்கும் பொதுப்பணி.

உலக அளவிலும் இதே கொள்கை ஏற்கப்பட்டுள்ளது. யுனெஸ்கோ 1949இல் பொது நூலகம் குறித்த அறிக்கையை வெளியிட்டது. பின்னர் 1972, 1994, 2022 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தி வெளியிடப்பட்டது. பொது நூலகச் சேவை அடிப்படையில் கட்டணமின்றி இருக்க வேண்டும் என்பதும், வாழ்நாள் முழுவதும் கற்பதற்கு அது துணை நிற்க வேண்டும் என்பதும் இதன் மையக் கருத்துகள்.

முன்னோடி முயற்சிகள்

சட்டம் வருவதற்கு முன்பே தமிழகத்தின் சிற்றூர்களில் படிப்பதும் கூடிப் பேசுவதும் இணைந்தே நடந்தன. விடுதலைப் போராட்டக் காலத்திலும் திராவிட இயக்கம் வளர்ந்த காலத்திலும் ஊர்கள்தோறும் படிப்பகங்கள் தோன்றின. ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பது அங்கு வழக்கமாக இருந்தது. தேநீர்க் கடைகளும் முடிதிருத்தகங்களும் இதே பணியைச் செய்தன. எழுத்தறியாதவரும் உலகச் செய்தியை அறிந்து கருத்துச் சொல்ல இவை வழி செய்தன.

அரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பொறுப்பை ஏற்றார். பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றபோது அங்கிருந்த பொது நூலகங்கள் பலவற்றை நேரில் பார்த்தார். குழந்தைகள், தொழிலாளர்கள், இல்லத்தரசிகள் எனப் பலதரப்பட்டோரும் அவற்றைப் பயன்படுத்துவதைக் கண்டார். ஊர் திரும்பிய பின் 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாவதில் முதன்மைப் பங்காற்றினார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டுக்கே உரியவை என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மூன்றாவது. விரிவாக்கப் பணிகளுக்கு இந்த மூன்றாவது விதியே அடிப்படை. அலமாரியில் காத்திருக்கும் நூலுக்கு வாசகரைத் தேடித் தருவதும் நூலகத்தின் கடமை என்று அது சொல்கிறது.

அதே 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குச் செல்லும் நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் தொடக்ககால நடமாடும் நூலகங்களில் இது குறிப்பிடத்தக்கது. வாசகர் வரும்வரை காத்திராமல் வாசகர் இருக்கும் இடத்துக்கே நூலகம் செல்லலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

பிற்காலத்தில், 1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கம் இன்னொரு பாடத்தைக் கற்றுத் தந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏராளமான பெண்கள் எழுதப் படிக்கக் கற்றதோடு சைக்கிள் ஓட்டவும் பழகினர். தன்னார்வத் தொண்டர்கள் நடத்திய மாலை நேர வகுப்புகளே இயக்கத்தின் உயிர்நாடியாக இருந்தன. ஆனால் புதிதாக எழுத்தறிந்தவர் தொடர்ந்து படிக்க எதுவும் கிடைக்காவிட்டால், கற்றது மெல்ல மறந்துபோகும். எளிய நூலும், அதைச் சேர்ந்து படிக்க ஓர் இடமும் அருகில் இருப்பது அவர்களுக்கு இன்றியமையாதது.

நூலக அமைப்பும் பொறுப்பாளர்களும்

தமிழ்நாட்டில் பொது நூலகங்களுக்கெனத் தனி இயக்ககம் 1972இல் ஏற்பட்டது. அதன் கீழ் மாவட்ட மைய நூலகம், முழுநேரக் கிளை நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எனப் பல படிகள் உள்ளன. மாநிலம் முழுவதும் இவை 4,000க்கு மேல் இருக்கின்றன. சிறுநகரங்களில் பொதுவாகக் காணப்படுவது கிளை நூலகம் அல்லது முழுநேரக் கிளை நூலகம். பல இடங்களில் ஒரே ஒரு நூலகரே பணியில் இருப்பார். நூல் வழங்குவது, திரும்பப் பெறுவது, பதிவேடு எழுதுவது, நாளிதழ்களை அடுக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. எனவே வகுப்புகளை அவர் தனியாக நடத்த இயலாது.

இந்த இடத்தில்தான் வாசகர் வட்டம் துணைக்கு வருகிறது. நூலகத்தைத் தொடர்ந்து பயன்படுத்துவோர் சேர்ந்து அமைக்கும் குழு இது. தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற பொறுப்புகளும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி அலுவலர்கள், வழக்கறிஞர்கள், கடைக்காரர்கள், கல்லூரி மாணவர்கள் எனக் கலவையான உறுப்பினர்கள் இதில் இருப்பார்கள். பேச்சாளரை அழைப்பது, நாற்காலி ஒலிபெருக்கி ஏற்பாடு செய்வது, துண்டறிக்கை அச்சிடுவது போன்ற பணிகளை இவர்கள் ஏற்கின்றனர்.

அடுத்த நிலையில் புரவலர்கள் உள்ளனர். குறிப்பிட்ட தொகையை நூலகத்துக்கு ஒருமுறை செலுத்துவோர் புரவலராகச் சேர்க்கப்படுகின்றனர். அதிகத் தொகை அளிப்போர் பெரும்புரவலர், கொடையாளர் எனப்படுவர். பல நூலகங்களின் சுவர்ப் பலகையில் இவர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். மின்விசிறி, குடிநீர்க் கருவி, எழுதுபலகை போன்றவை இத்தகையோர் உதவியால் வந்து சேர்கின்றன. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, 1972 முதல் மாநிலங்களின் பொது நூலகங்களுக்கு நூல் உள்ளிட்ட உதவிகளை அளித்து வருகிறது.

நிகழ்ச்சிகளின் வகைகள்

போட்டித் தேர்வு வகுப்புகள்

இன்று சிறுநகர நூலகங்களில் அதிகக் கூட்டம் சேர்ப்பவை போட்டித் தேர்வு வகுப்புகளே. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பணியிடங்கள் இதன் வழியே நிரப்பப்படுகின்றன. 2024ஆம் ஆண்டுத் தேர்வுக்கான அறிவிப்பில் 6,244 பணியிடங்கள் இருந்தன. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு 300 பேருக்கு மேல் போட்டியிடும் சூழலில் பயிற்சி பெரும் பொருளாகிறது.

தனியார் பயிற்சி மையங்கள் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரங்களிலும் பெருநகரங்களிலும் உள்ளன. பயிற்சிக் கட்டணம், விடுதி வாடகை, பேருந்துச் செலவு ஆகியவற்றைக் கூலி வேலை செய்யும் குடும்பத்தால் தாங்க முடியாது. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்புகள் நடக்கின்றன. ஆனால் அதற்கும் மாவட்டத் தலைநகருக்குச் செல்ல வேண்டும். காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் இளைஞருக்கும், கைக்குழந்தையுடன் இருக்கும் பெண்ணுக்கும் அது எளிதன்று. அவர்களுக்குக் கைக்கெட்டும் தொலைவில் இருப்பது ஊர் நூலகம்தான்.

இந்த வகுப்பைச் செலவின்றி நடத்த முடிவதற்குப் பாடத்திட்டமே ஒரு காரணம். குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள், 3 மணி நேரம். இதில் 100 வினாக்கள் தமிழ்ப் பகுதி. அதில் குறைந்தது 40 விழுக்காடு எடுத்தால்தான் மற்ற பகுதி திருத்தப்படும். எஞ்சியவற்றில் 75 வினாக்கள் பொது அறிவு, 25 வினாக்கள் கணக்கும் திறனறிவும். தயாரிப்புக்கு அடிப்படையாகப் பலரும் கொள்வது பள்ளிப் பாடநூல்களையே. எனவே பழைய பாடநூல்களைத் திரட்டி ஓர் அலமாரியில் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தமிழும் பொது அறிவும் தாமே படித்துத் தேறக் கூடியவை. பலர் தடுக்கி விழுவது கணக்கில். தனிவட்டி, கூட்டுவட்டி, விகிதம், வேலையும் நேரமும் போன்றவற்றைப் புத்தகத்தைப் பார்த்து மட்டும் புரிந்துகொள்வது பலருக்குக் கடினம். இங்கே ஓர் ஆசிரியர் தேவைப்படுகிறார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் பல ஆண்டுகளாக விலகி நின்றவர்களும் கணக்கைத் தொடத் துணிகின்றனர். வாரந்தோறும் நடத்தப்படும் மாதிரித் தேர்வும் மிக உதவும். வினாத்தாளை நகலெடுக்கும் செலவை வாசகர் வட்டம் ஏற்கும், அல்லது எழுதுவோர் பங்கிட்டுக்கொள்வர்.

தேர்ச்சி பெற்றுப் பணியில் சேர்ந்தவர்கள் விடுமுறை நாள்களில் திரும்பி வந்து பாடம் எடுப்பதும் உண்டு. இத்தகைய வகுப்புகள் நீண்ட நாள் நிலைக்க இந்தத் தொடர்ச்சியே உதவுகிறது. நேற்று வரை பக்கத்து நாற்காலியில் அமர்ந்து படித்தவர் இன்று அரசு ஊழியராக வந்து நிற்பதைக் காண்பது, புதிதாக வருவோருக்கு வேறு எந்த ஊக்கத்தையும் விட வலிமையானது.

சிறுவர் நிகழ்ச்சிகள்

பெரும்பாலான கிளை நூலகங்களில் சிறுவர்களுக்கெனத் தனி அலமாரியாவது இருக்கும். பள்ளி ஆண்டு விடுமுறை நாள்களான மே மாதத்தில் கோடைக்கால முகாம் நடத்தப்படுகிறது. கதை சொல்லல், ஓவியம், காகித மடிப்புக் கலை, சதுரங்கம், கையெழுத்துப் பயிற்சி, எளிய அறிவியல் சோதனைகள் ஆகியவை இதில் இடம்பெறும். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளின் குழந்தைகளுக்கு இது பாதுகாப்பான இடமாகவும் அமைகிறது.

முகாமின் பயன் அது முடிந்த பிறகே தெரியும். கதை கேட்ட குழந்தையின் கையில் அந்தக் கதை உள்ள புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினால், அடுத்த வாரம் அதைத் திருப்பித் தர அது மீண்டும் வரும். முகாமின் முதல் நாளே ஒவ்வொரு குழந்தையையும் உறுப்பினராகச் சேர்ப்பது இதனால் சிறந்த முறை. உறுப்பினராகச் சேராமல் பரிசு மட்டும் பெற்றுச் சென்ற குழந்தை திரும்பி வருவது குறைவு.

கணினியும் இணையமும்

அரசுத் திட்டங்கள், கல்லூரிச் சேர்க்கை, தேர்வு விண்ணப்பம் ஆகிய எல்லாம் இணையவழிக்கு மாறிவிட்டன. கையில் ஸ்மார்ட்போன் இருந்தும் ஒரு படிவத்தை நிரப்பவோ, சான்றிதழை உரிய அளவில் பதிவேற்றவோ தெரியாதோர் பலர். சிறு தவறால் விண்ணப்பம் தள்ளுபடி ஆவதும் உண்டு. கணினி உள்ள நூலகங்களில் மின்னஞ்சல் தொடங்குதல், தமிழில் தட்டச்சு செய்தல், விண்ணப்பம் நிரப்புதல் போன்ற அடிப்படைப் பயிற்சிகளை அளிக்க முடிகிறது.

முதியோருக்கு இதில் தனித் தேவை உள்ளது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ரகசிய எண்ணைக் கேட்டு ஏமாற்றும் குற்றங்கள் பெருகியுள்ளன. யாரிடமும் அந்த எண்ணைச் சொல்லக் கூடாது என்பதையும், பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் ஒரு மணி நேரக் கூட்டத்தில் விளக்கிவிடலாம். நாளிதழ் படிக்கத் தினமும் நூலகம் வரும் ஓய்வூதியர்கள் இதற்கு ஆயத்தமான பார்வையாளர்கள்.

சட்டமும் நலவாழ்வும்

வட்ட அளவில் இயங்கும் சட்டப் பணிகள் குழு, விழிப்புணர்வுக் கூட்டங்களைப் பொது இடங்களில் நடத்துகிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். இதை அறியாமல் கடன் வாங்கி வழக்கு நடத்துவோர் உள்ளனர். நீதிமன்ற வளாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ செல்லத் தயங்குபவர், நூலகத்தில் நடக்கும் கூட்டத்துக்குத் தயங்காமல் வருவார். கண் பரிசோதனை, இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு பார்க்கும் மருத்துவ முகாம்களுக்கும் இதே காரணம் பொருந்தும்.

இலக்கிய நிகழ்ச்சிகளும் நூலக வார விழாவும்

மாதம் ஒரு நூலை எடுத்துப் பேசுவது வாசகர் வட்டங்களின் பழைய வழக்கம். உள்ளூர் எழுத்தாளர் நூல் வெளியிடவும், கல்லூரி மாணவர் முதன்முதலாக மேடை ஏறவும் இது வாய்ப்பளிக்கிறது. ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா கொண்டாடப்படுகிறது. பள்ளி மாணவர்களுக்குப் பேச்சு, கட்டுரை, ஓவியப் போட்டிகளும் நூல் கண்காட்சியும் நடக்கும். அரங்கநாதனின் நினைவாக ஆகஸ்ட் 12 நூலகர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

நூலகத்துக்கு வர இயலாத முதியோர், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வீட்டுக்கே நூல் கொண்டு செல்லும் நூலக நண்பர்கள் திட்டமும் தமிழ்நாட்டில் செயல்படுகிறது. இதில் தன்னார்வலர்களே நூல்களை எடுத்துச் செல்கின்றனர்.

ஒரு வகுப்பு உருவாகும் விதம்

இலவச வகுப்பு ஒன்று பெரும்பாலும் ஒரு சிறு கோரிக்கையில் தொடங்குகிறது. படிக்க வரும் நால்வர் ஒரே பாடத்தில் சிக்கலைச் சந்திப்பதை நூலகர் கவனிக்கிறார். அல்லது அவர்களே கேட்கின்றனர். பின்னர் பின்வரும் படிகள் நிகழ்கின்றன.

முதலில், பாடம் எடுக்கக் கூடியவர் தேடப்படுகிறார். நூலகத்துக்கு வருவோரிலேயே அவர் இருப்பது பல நேரங்களில் தெரியவரும். அடுத்து, நாளும் நேரமும் முடிவாகின்றன. பல கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். பள்ளி, அலுவலகம், கடை வேலை எல்லாவற்றிலிருந்தும் பலர் ஓய்வாக இருக்கும் நாள் அது. எனவே ஞாயிறு காலை பொருத்தமானதாகக் கருதப்படுகிறது.

மூன்றாவதாக, மாவட்ட நூலக அலுவலருக்கு முறைப்படி தெரிவித்து இசைவு பெறப்படுகிறது. கட்டணம் வசூலிப்பதில்லை, கட்சி அல்லது சமயப் பரப்புரை இல்லை, வணிக விளம்பரம் இல்லை என்பவற்றை முன்பே தெளிவாக்குவது பின்னர் எழும் சச்சரவுகளைத் தவிர்க்கும். தனியார் பயிற்சி மையம் இலவச வகுப்பு என்ற பெயரில் வந்து மாணவர்களின் கைப்பேசி எண்களைத் திரட்டிக்கொண்டு போகும் ஆபத்து இருப்பதால் இந்தக் கவனம் தேவை.

நான்காவதாக, செய்தி பரப்பப்படுகிறது. நூலக வாசலில் ஒட்டும் தாள் ஏற்கெனவே நூலகம் வருபவருக்கு மட்டுமே தெரியும். பேருந்து நிலையம், நியாயவிலைக் கடை, பால் கூட்டுறவுச் சங்கம், மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம், அரசுப் பள்ளியின் அறிவிப்புப் பலகை ஆகிய இடங்களில் தெரிவித்தால் புதியவர்கள் வருவர். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் 2021 முதல் கட்டணமின்றிப் பயணம் செய்ய முடிகிறது. இதனால் சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் வருவதில் போக்குவரத்துச் செலவு என்ற தடை குறைந்துள்ளது. பேருந்து நேரத்தை ஒட்டி வகுப்பு நேரத்தை அமைத்தால் இதன் முழுப் பயன் கிடைக்கும்.

இறுதியாக, வருகைப் பதிவேடு. வந்தவர்களின் எண்ணிக்கையை வாரந்தோறும் எழுதி வைப்பது சிறு வேலைதான். ஆயினும் கூடுதல் நாற்காலியோ நூலோ கேட்டு விண்ணப்பிக்கும்போது நூலகரின் கையில் இருக்கும் வலுவான சான்று அதுவே.

சிக்கல்கள்

இத்தகைய வகுப்புகள் சந்திக்கும் முதல் சிக்கல் இடம். ஒரே கூடம் உள்ள நூலகத்தில் வகுப்பு நடந்தால், அமைதியாகப் படிக்க வந்தவருக்கு இடையூறாகும். இருவர் கோரிக்கையும் நியாயமானதே. மொட்டை மாடியில் கூரை அமைத்தல், அருகிலுள்ள பள்ளி வகுப்பறையை விடுமுறை நாளில் கேட்டுப் பெறுதல், நூலகக் கூட்டம் குறைந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தல் ஆகியவை வழக்கமான தீர்வுகள்.

இரண்டாவது சிக்கல் நிதி. உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்த நூலக வரியை ஆணைக்குழுவுக்கு உரிய காலத்தில் செலுத்தாமல் நிலுவை வைக்கும் நிலை நீண்ட காலமாகப் பேசப்பட்டு வருகிறது. நிதி தாமதமானால் கட்டடப் பழுதும் நூல் கொள்முதலும் தள்ளிப்போகின்றன. சம்பளம், நூல், பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பிறகே நிகழ்ச்சிகளின் முறை வரும். ஆகவே வகுப்புகள் தன்னார்வலரின் உழைப்பையே நம்பி நிற்கின்றன.

மூன்றாவது சிக்கல் தொடர்ச்சி. ஆர்வமுள்ள நூலகர் இடமாறுதலில் சென்றாலோ, பாடம் எடுத்த ஆசிரியர் நோய்வாய்ப்பட்டாலோ வகுப்பு நின்றுவிடுகிறது. பாதியில் நின்றால் மிகுதியாக இழப்பவர் வேறு வழியில்லாத மாணவரே. வசதியுள்ளவர் வேறு பயிற்சிக்குச் சென்றுவிடுவார். ஒரே பாடத்துக்கு இரண்டு பேரைத் தயார் செய்வது, பாடக் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் நூலகத்திலேயே கோப்பாகச் சேர்த்து வைப்பது, புதிய நூலகரிடம் அதை ஒப்படைப்பது ஆகியவற்றால் இதை ஓரளவு தடுக்கலாம்.

நான்காவது, யார் வருவதில்லை என்ற கேள்வி. கழிப்பறை இல்லாத நூலகத்துக்குப் பெண்கள் நீண்ட நேரம் படிக்க வர மாட்டார்கள். வாசலில் படிகள் மட்டும் இருந்து சாய்தளம் இல்லையென்றால் சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே வர இயலாது. தெருவிளக்கு இல்லாத சாலையில் இரவு வகுப்பு என்றால் பெண்களின் எண்ணிக்கை குறையும். வகுப்பு இலவசமாக இருந்தாலும் இத்தகைய தடைகள் சிலரை வெளியே நிறுத்துகின்றன. வருகைப் பதிவேட்டில் பெண்கள் எத்தனை பேர், கிராமங்களிலிருந்து வருவோர் எத்தனை பேர் என்று பார்த்தால் இது விளங்கும்.

அண்மைய வளர்ச்சிகள்

சென்னைக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இலும், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023இலும் திறக்கப்பட்டன. சிறுவர் பகுதி, போட்டித் தேர்வு நூல்கள், பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவு, அரங்குகள் என விரிந்த வசதிகள் அங்கு உள்ளன. பல நகராட்சிகளில் நூலகத்துடன் கூடிய அறிவுசார் மையங்களும் கட்டப்பட்டுள்ளன. அங்கே படிப்பு மேசைகளும் கணினிகளும் பயிற்சி அறைகளும் அமைக்கப்படுகின்றன. இவை நகராட்சியின் பொறுப்பில் இயங்குபவை. கிளை நூலகங்கள் நூலக ஆணைக்குழுவின் கீழ் இயங்குபவை. ஒரே ஊரில் இரண்டும் இருக்கும் இடங்களில், ஓரிடத்தில் வகுப்பும் மற்றோரிடத்தில் நூல் இரவலும் என்று பிரிந்துவிடாமல் இரண்டும் இணைந்து செயல்படுவது மாணவர்களுக்கு நன்மை தரும்.

மாணவர்களும் பொதுமக்களும் செய்யக்கூடியவை

தம் ஊர் நூலகத்தில் என்னென்ன நிகழ்ச்சிகள் நடக்கின்றன என்பதை நூலகரிடம் நேரில் கேட்டு அறியலாம். சிறு தொகை செலுத்தி உறுப்பினராகலாம். வாசகர் வட்டக் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம். தேவையான வகுப்பைக் குறிப்பிட்டு, விரும்புவோர் பலர் கையெழுத்திட்டு எழுத்து வடிவில் கோரிக்கை அளிக்கலாம். ஒருவர் வாய்மொழியாகக் கேட்பதைவிட இருபது பேர் கையெழுத்திட்ட தாளுக்கு மதிப்பு அதிகம். தேர்வு முடித்தவர்கள் தம் நூல்களையும் குறிப்புகளையும் நூலகத்துக்குத் தரலாம். ஒரு பாடத்தில் தேர்ச்சி உள்ளவர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வகுப்பெடுக்க முன்வரலாம்.

1948ஆம் ஆண்டுச் சட்டம் நூலகத்தில் வகுப்பு நடத்த இடமளித்தது. நூலக வரி அந்த இடத்தைத் தாங்கி நிற்கிறது. ஆனால் கற்பிக்க ஒருவரும், அதைக் கேட்டுப் பெறும் வாசகர்களும் இருந்தால்தான் வகுப்பு நடக்கும். கட்டணப் பயிற்சிக்கு வழியில்லாத ஒருவர், அதே ஊரில் இருந்துகொண்டே அரசுத் தேர்வுக்குத் தயாராக முடியுமா என்பதை அந்த ஏற்பாடு முடிவு செய்கிறது.